டிஸ்லெக்ஸியா: பத்தாம் வகுப்பில் வரும் சலுகை, இரண்டாம் வகுப்பில் வராத உதவி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில், பள்ளி கொடுத்த கடிதத்தோடு சில பெற்றோர் அரசு மருத்துவமனைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கும் அலைவதைப் பார்க்கலாம். பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது கிடைத்துவிட்டால் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தருவார்கள். பிள்ளை வாயால் சொல்லும் விடையை எழுத ஓர் ஆசிரியரை அமர்த்துவார்கள். மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் கேட்கலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே வசதிகள் உண்டு. அங்கே ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டு, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூட்டித் தருகிறார்கள்.

இவை தானாக வந்தவை இல்லை. பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் மருத்துவர்களும் பல ஆண்டுகள் பேசிப் பேசிப் பெற்றவை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் இயங்கிவருகிறது. மகாராஷ்டிர அரசு 1996இலேயே பள்ளி இறுதித் தேர்வில் இப்படிப்பட்ட சலுகைகளை அறிவித்தது. 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கல்லூரிகளும் இவற்றைத் தர வேண்டும் என்றது. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு கேள்வி மனதை விட்டுப் போக மறுக்கிறது. வாசிப்புச் சிரமம் பதினைந்து வயதில் வருவதில்லையே. ஆறு வயதில், எழுத்து கற்கத் தொடங்கும்போதே வந்துவிடுகிறது. இடையில் இருக்கும் ஒன்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தது? பள்ளி அதற்கு என்ன செய்தது?

பெரும்பாலான இடங்களில் பதில்: எதுவும் செய்யவில்லை. நம் ஏற்பாடு முழுக்கத் தேர்வைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தேர்வில் எப்படிக் கரையேற்றுவது என்பதற்கு அரசாணை இருக்கிறது, படிவம் இருக்கிறது, அலுவலர் இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு வாசிக்க யார், எந்த வகுப்பில், எந்த நேரத்தில் கற்றுக்கொடுப்பது என்பதற்கு அவ்வளவு தெளிவான ஏற்பாடு இல்லை. டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளுக்காகப் பள்ளிகளிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கற்பித்தலைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அது என்ன குறைபாடு?

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். சுறுசுறுப்பான பையன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, கணக்கும் போடுவான். ஆனால் ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் சொன்னதையும் மார்கன் அதில் குறித்திருக்கிறார். மருத்துவருக்கு முன்பே ஓர் ஆசிரியர் அதைக் கண்டுகொண்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றும் முதலில் கண்டுகொள்ளும் வாய்ப்பு ஆசிரியருக்குத்தான் இருக்கிறது.

அன்றைய மருத்துவர்கள் இதைப் பார்வை சார்ந்த கோளாறு என்று நினைத்தார்கள். அடுத்த நூறாண்டு ஆய்வு வேறு திசையில் போனது. பேச்சின் ஒலிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து உணர்வதிலும், அந்த ஒலியை எழுத்தோடு சட்டென்று இணைப்பதிலும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிரமம். கண் நன்றாகவே இருக்கும். அதனால்தான் வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்கப்படும் சிகிச்சைகளுக்கு அடிப்படை இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே சொன்னார்கள். பிள்ளைக்கு எப்படியாவது சரியாகிவிடாதா என்று தவிக்கும் பெற்றோரின் பணம் இப்படிப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இது குடும்ப வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. ‘எனக்கும் படிப்பு ஏறலை, எட்டாவதோட நின்னுட்டேன்’ என்று சொல்லும் அப்பாக்களில் சிலருடைய கதை இதுவாகவே இருந்திருக்கும். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 5 முதல் 10 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அப்படியானால் 40 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகள்.

இந்த இடத்தில் பலர் பெரிய விஞ்ஞானிகள், நடிகர்கள் பெயரையெல்லாம் அடுக்கி ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை மேதையாக வருவான் என்பதற்காக அவனுக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்க, மருந்துச் சீட்டை வாசிக்க, தான் கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது. அது போதும்.

தமிழில் இது எப்படித் தெரியும்?

டிஸ்லெக்ஸியா பற்றி நமக்குக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை வைத்து உருவானது. ஆங்கில b-யும் d-யும் மாறிப்போகும் என்பதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையிடம் அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தமிழ் எழுத்தில் சிரமம் வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, எண்ணிக்கை. 247 எழுத்து என்று சொன்னாலும் அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிர், மெய், குறியீடுகள் சேரும் விதம் பிடிபட்டால் போதும். ஆனால் விதிக்கு அடங்காதவையும் உண்டு. கு, சு, டு, து, ரு என்று உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறது. அடுத்து, வரிசை. ‘கொக்கு’ என்ற சொல்லில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக் கொம்பை, பிறகு ககரத்தை, பிறகு காலை. வாய் சொல்வதோ க், பிறகு ஒ. உயிரொலியின் குறி மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. பழகிய நமக்கு இது தெரிவதே இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைக்கவே திணறும் குழந்தைக்கு இது பெரிய சுமை. இதோடு ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள ஒற்றுமை, ல-ள-ழ, ந-ன-ண, ர-ற எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்ட காதுக்குப் புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்று நிற்கும்.

இவற்றில் தடுமாறாத குழந்தையே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு, அங்கே குழந்தைகள் முழு எழுத்துத் தொகுதியையும் வசப்படுத்த நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டியது. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளை ளகரத்தை லகரமாக எழுதினால் உடனே பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. ககர வரிசையைக் க, கா, கி, கீ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், நடுவில் ‘கூ’வைத் தனியாகக் காட்டினால் அது மனதுக்குள் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறதா? பாடத்தை ‘வாசிக்கும்’போது கண் வேறு வரியில் இருக்கிறதா? ‘பட்டம்’ என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று வாயால் கேட்டாலே முழிக்கிறதா? நேற்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்த சொல் இன்று காலை புதிதாகத் தெரிகிறதா? சொல்வதை எழுதச் சொன்னால் புள்ளியும் காலும் தொடர்ந்து விடுபட்டு, ‘பால்’ ‘பல’ ஆகிறதா? மாதக்கணக்கில் முறையாகக் கற்பித்த பிறகும் இவை மாறாமல் இருந்தால் அதுதான் எச்சரிக்கை.

இன்னொன்று, வேகம். 2001இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளில் டிஸ்லெக்ஸியா உள்ள பல்கலைக்கழக மாணவர்களின் மூளையை ஒப்பிட்டது. வாசிக்கும்போது மூன்று நாட்டினருக்கும் மூளையின் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிடக் குறைவான பிழையோடு வாசித்தார்கள். இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு சீரானது என்பதே காரணம். தமிழும் ஆங்கிலத்தைவிட மிகச் சீரான எழுத்துமுறைதான். எனவே டிஸ்லெக்ஸியா உள்ள தமிழ்ப் பிள்ளை நான்காம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டி ஒருவழியாகச் சரியாகவே வாசித்துவிடலாம். ஆனால் ஒரு பத்தியை முடிப்பதற்குள் மற்றவர்கள் பாடத்தையே முடித்திருப்பார்கள். முதல் வரியில் என்ன படித்தோம் என்பது கடைசி வரியில் மறந்திருக்கும். பிழையை மட்டும் எண்ணும் தேர்வு இந்தப் பிள்ளையைத் தவறவிடும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதனால்தான் தமிழுக்கென்று, தமிழ்ப் பிள்ளைகளை வைத்து அளவிட்ட மதிப்பீட்டுக் கருவிகள் தேவை என்கிறோம். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் இந்திய மொழிகளுக்கென்று உருவாக்கிய ‘டாலி’ என்ற கருவி 2015இல் வந்தபோது அதில் இருந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளையை ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்து அளப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆங்கிலம் கற்கும் வாய்ப்பே கிடைக்காததையும் டிஸ்லெக்ஸியாவையும் அது குழப்பிவிடும்.

பள்ளி பார்க்கும் விதம்

பள்ளிக்கூடங்களில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்றொரு பட்டியல் உண்டு. அதில் பசியோடு வரும் பிள்ளை இருப்பான், அடிக்கடி லீவு போடும் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, வேலைக்காக ஊர் மாறி வந்த குடும்பத்தின் பிள்ளை, டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து: மாலையில் கூடுதல் வகுப்பு, அதே பாடம், அதே முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் இம்போசிஷன். தவறாக எழுதிய சொல்லை ஐம்பது முறை எழுதச் சொன்னால், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை மூன்றாவது முறையே தவறாக எழுதி, மீதியையும் அதைப் பார்த்தே எழுதி முடிக்கும். அந்தத் தண்டனையால் கைவலியைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை.

வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வது அதைவிடக் கொடியது. தன் முறை எப்போது வரும் என்று எண்ணி, தனக்கு வரப்போகும் பத்தியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு மனப்பாடம் செய்யும் குழந்தைகள் இருக்கிறார்கள். சில பிள்ளைகள் அந்த நேரத்தில் வேண்டுமென்றே சேட்டை செய்து வெளியே போய் நிற்பார்கள். முட்டாள் என்று பெயர் எடுப்பதைவிட முரடன் என்று பெயர் எடுப்பது அவர்களுக்குப் பரவாயில்லை. ஆசிரியர்கள் அனுப்பிவைக்கும் பட்டியல்களில் பையன்களே அதிகம் இருப்பதற்கு இது ஒரு காரணம். அமைதியாக உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் போர்டைப் பார்த்து எழுதிவிடும் பெண் குழந்தையை யாரும் சந்தேகிப்பதில்லை. அவள் எழுதியதை அவளாலேயே வாசிக்க முடியாது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது.

தனியார் பள்ளிகளில் இன்னொரு சங்கடம். எட்டாம் வகுப்பு முடியும்போது, ‘இங்கே உங்க பிள்ளையால தாக்குப்பிடிக்க முடியாது, வேற ஸ்கூல் பாருங்க’ என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். செண்டம் ரிசல்ட் கெட்டுவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பாகுபாடில்லாமல் சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. அதனால் யாரும் எழுத்தில் எதுவும் தருவதில்லை. வாய்வார்த்தையாகவே டி.சி. வாங்க வைக்கிறார்கள். ‘தமிழ் மீடியத்துக்கு மாத்துங்க, சரியாயிடும்’ என்ற அறிவுரையும் கூடவே வரும். எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் வாசிக்கும் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் தமிழிலும் யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால்தான் வாசிப்பு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் சிரமம் தரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் சிரமம் தரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் பெயர் சொல்லியே வருகின்றன.

இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். குழந்தைகளிடம் உள்ள கற்றல் குறைபாடுகளை மிக ஆரம்பத்திலேயே கண்டறிந்து, அவற்றைக் கடக்கத் தகுந்த கற்பித்தல் முறைகளையும் பிற நடவடிக்கைகளையும் மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது அது. முதலில் வருவது கண்டறிதலும் கற்பித்தலும்தான். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவை அடுத்த பிரிவில், 17இல் வருகின்றன. நாம் 17ஐப் பிடித்துக்கொண்டு 16ஐ விட்டுவிட்டோம்.

இதில் ஒரு பெரிய தவறான புரிதலும் கலந்திருக்கிறது. சான்றிதழ் வழங்குவதற்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போது, ஆசிரியர்கள் முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றன. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. அதில் நியாயம் உண்டு. ஆறு வயதில் எழுத்து பிடிபடாத எல்லோருக்கும் குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது. ஆனால் பள்ளிகளில் இது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது? எட்டு வயது வரை ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் தானாக வந்துவிடும் என்று. முத்திரை குத்தத்தான் வயது வேண்டும், சொல்லிக்கொடுக்க வயது வேண்டியதில்லை. எழுத்தைப் படிப்படியாக, ஒலியோடு சேர்த்துக் கற்பிப்பதால் டிஸ்லெக்ஸியா இல்லாத பிள்ளைக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சந்தேகம் வந்த அன்றே தொடங்கிவிடலாம். காத்திருந்தால் இழப்பு பெருகிக்கொண்டே போகும். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்கிலிருந்து வாசித்துத்தான் அறிவியலையும் சமூக அறிவியலையும் கற்கிறது. வாசிப்பு வராத பிள்ளை அங்கே எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் பின்தங்குகிறது.

எது பலன் தருகிறது?

ஆய்வு இதில் தெளிவாகவே இருக்கிறது. 1930களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் அமெரிக்காவில் தொடங்கிவைத்த வழிமுறை பல வடிவங்களில் இன்றும் நிற்கிறது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் போவது, பழையதைத் தினமும் திரும்பத் தொடுவது, பார்த்துச் சொல்லி விரலால் எழுதிப் பழகுவது. சிறு குழுவாக, தினமும் அரை மணி நேரம். 2000இல் வந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் முறையான ஒலி வழிக் கற்பித்தலையே ஆதரித்தது.

தமிழில் இதற்கு வசதி அதிகம். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் போதும்; படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை உண்மையான சொற்களை வாசிக்கலாம். அடுத்து காலைச் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். க் என்பதும் அ என்பதும் சேர்ந்து க ஆகிறது என்று நம் இலக்கணமே ஒலியைப் பிரித்துக் காட்டுகிறது. அதைத் தொடக்க வகுப்பிலேயே காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழக்கலாம். அகர வரிசையை ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்திவிடுவதால்தான் இந்த வசதி வீணாகிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவும் பள்ளிகளிடம் இருக்கிறது. என் யோசனை இதுதான்: ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும் இரண்டாம் வகுப்பின் நடுவில் அரும்பு நிலையைத் தாண்டாத பிள்ளைகள் எல்லோரையும், சான்றிதழ் கேட்காமல், தினமும் அரை மணி நேரச் சிறு குழு வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணும் காதும் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் முன்னேற்றம் மிகக் குறைவாக இருக்கும் பிள்ளைகளை மட்டும் விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்பினால் போதும். புதிய செயலியும் புதிய பதிவேடும் இதற்குத் தேவையில்லை. கையில் இருக்கும் தகவலை நடவடிக்கையாக மாற்ற ஓர் உத்தரவு தேவை. அந்த வகுப்பைப் பி.டி. பீரியடில் வைக்கக் கூடாது என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளை ஓடி விளையாடி ஜெயிக்கும் ஒரே நேரம் அது.

யார் கற்பிப்பது என்பதுதான் கடினமான பகுதி. சிறப்பாசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்ற வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. நம் ஊரில் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றிவருகிறார். அவர் கையில் எல்லா வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலரும் குறைந்த சம்பளத்தில், ஆண்டுக்கணக்காக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்கள். வாரத்தில் ஒருநாள் வந்துபோகும் அவரால் தினசரி வகுப்பு எடுக்க முடியாது. அதனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும்போது அது ஆசிரியர்களின் சொந்தக் கோரிக்கை என்று பெற்றோர் ஒதுங்கிவிடக் கூடாது. தினசரி வகுப்பை எடுக்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அவருக்கு வழிகாட்டவும் கைகொடுக்கவும் வேண்டியவர் சிறப்பாசிரியர். இந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நேரம் பள்ளியின் கால அட்டவணையில் இருக்க வேண்டும்.

செலவே இல்லாத மாற்றங்களும் நிறைய உண்டு. வாசிக்கச் சொல்வதற்கு முதல் நாளே பக்கத்தைச் சொல்லிவிடலாம். போர்டைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைக்கலாம். அறிவியல் விடையில் கருத்துக்கு மதிப்பெண் தந்து எழுத்துப்பிழைக்குக் கழிக்காமல் விடலாம். மாதத் தேர்வில் கேள்வியை வாசித்துக்காட்டி, வாயால் பதில் வாங்கலாம். இதற்கெல்லாம் எந்தச் சான்றிதழும் வேண்டாம், தலைமையாசிரியர் சரி என்று சொன்னால் போதும்.

தேர்வுச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்ன பிறகு, பத்தாம் வகுப்புச் சலுகை வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உரிமை. நன்றாகக் கற்பித்த பிறகும் டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு வேகம் குறைவாகவே இருக்கும். கூடுதல் நேரம் வாழ்நாள் தேவை. ஆனால் சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவதும் ஒரு திறமை. ஐந்து மதிப்பெண் விடையை மனதில் அடுக்கி, எழுதுபவரின் வேகத்துக்குத் தகுந்தபடி நிறுத்திச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஆசிரியர் முன்னால் கூச்சப்படாமல் ‘இதை மாற்றுங்கள்’ என்று சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு அன்றுதான் முதன்முதலாக இதைச் செய்யும் பிள்ளை திணறிப்போகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகளிலிருந்தே இந்தப் பழக்கம் தொடங்க வேண்டும்.

மேலே போனாலும் போராட்டம் ஓய்வதில்லை. 2021இல் நீட் எழுதிய, டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் தரவில்லை. அவருடைய தாளை மற்றவர்களோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு நடந்தது அநீதி என்று ஏற்றது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. பாதிப்பை எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்க்கும்படி தேர்வு முகமையிடம் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு வழக்கில், சொல்வதை எழுதுபவரைப் பெற 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு கட்டாயமில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆக, எழுத்தில் உரிமை இருக்கிறது. தேர்வு அறையில் நிற்கும் கண்காணிப்பாளருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

முதலில், வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். என் பிள்ளைக்கு வாசிப்பில் இன்னின்ன சிரமங்கள் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவின்படி கண்டறிந்து உதவி செய்யக் கேட்டுக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பிள்ளை சொல்வதை எழுதிய நோட்டின் இரண்டு பக்கங்களையும், அதே பாடத்தை வாயால் சொன்ன ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுத்தால் எந்த ஆசிரியருக்கும் வித்தியாசம் புரியும். கடிதம் கொடுப்பது ஆசிரியரோடு சண்டை போடுவதற்கு இல்லை. 40 பிள்ளைகளை ஒரே ஆளாகச் சமாளிக்கும் பல ஆசிரியர்களுக்கு, மேலே உதவி கேட்க இந்தக் கடிதமே பிடிமானமாக இருக்கும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். இரண்டாம் வகுப்பு வாசிப்பு நிலை, சிறு குழு வகுப்பு, சிறப்புப் பயிற்றுநர் வரும் நாட்கள் ஆகிய மூன்றையும் பொருளாக வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகட்டும். தனிக் குடும்பம் கேட்டால் அது ஒரு பிள்ளையின் பிரச்சினை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அது பள்ளியின் வேலை. 40 பேர் வகுப்பில் அப்படி இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் அநேகமாக இருக்கின்றன, ஒருவரையொருவர் தெரியாமல், ஒவ்வொருவரும் தன் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு.

பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்தில் முறையிடலாம். அந்தச் சட்டம் கொடுத்த உரிமைகள் மறுக்கப்படுவதை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதற்கும் முதலில் தேவைப்படுவது பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல்தான். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.